பிப்ரவரி 28: ஒரே ஒரு நாளுக்கான வீட்டுக் குறிப்புகள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளுக்கு அதன்பின் பெரிய வேலை கிடையாது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் பார்த்து முடித்ததும் அது பொட்டலம் மடிக்கவோ கணக்குப் போடவோ போய்விடும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்கலாம்: ஒரு சொல், ஒரு தகவல், அந்தத் தேதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. வருடம் முழுக்கச் செய்வோம் என்று சபதம் எடுத்தால் பத்து நாளில் அலுப்புத் தட்டும். அதைவிட, ஒரே ஒரு நாளைப் பிடித்து உருப்படியாகச் செய்து பாருங்கள். தொடங்குவதற்கு பிப்ரவரி 28ஐப் போல வாகான தேதி வேறில்லை என்பது என் எண்ணம். அது தேசிய அறிவியல் நாள். அன்றைக்குச் சொல்லும் தகவலும் வரலாறும் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கூடவே வருகின்றன. வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

1. முந்தின நாள் இரவே எடுத்து வைக்க வேண்டியவை: உயரமான, வேலைப்பாடு இல்லாத ஒரு கண்ணாடி டம்ளர், அரை டம்ளர் பால், டார்ச் உள்ள செல்போன், கீறல் விழுந்து ஒதுக்கிய ஒரு சிடி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், மைப்பேனா அல்லாத சாதாரண பால்பாயிண்ட் பேனா. காலண்டர் தாள் மெல்லியது. மைப்பேனாவில் எழுதினால் ஊறி மறுபக்கம் தெரியும். டம்ளரை முதல்நாளே கழுவித் துணியால் துடைத்து வையுங்கள். உப்புத்தண்ணீர் கறை படிந்த டம்ளரில் வெளிச்சம் கறையிலேயே பட்டுத் தெறித்து, பார்க்க வேண்டியது தெரியாமல் போகும்.

2. அன்றைய சொல் ‘சிதறல்’. பிள்ளைகளிடம் அகராதிப் பொருளைச் சொல்லி எழுத வைக்க வேண்டாம். அடுக்களைக்குக் கூட்டிப் போங்கள். பால் சிந்தும், அரிசி சிதறும். தண்ணீர் தெளிக்கும், எண்ணெய் தெறிக்கும். கோலப்பொடி கொட்டிவிட்டால் அது சிதறலா, கொட்டலா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையார் கோயில் சிதறுதேங்காயை நினைவுபடுத்தினால் போதும், சொல் மனதில் தங்கிவிடும். அதன்பிறகு, வெளிச்சமும் ஒரு பொருளில் பட்டுப் பல பக்கமாகப் பிரிந்து போகும், அதற்கு ‘ஒளிச்சிதறல்’ என்று பெயர் என்று சொன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

கூடவே இரண்டு சொற்கள் சேர்க்கலாம்: ‘நிறமாலை’, ‘அலைநீளம்’. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் பத்துச் சொல் எழுதிய தாளைப் பிள்ளைகள் திரும்ப எடுத்துப் படிப்பதில்லை.

3. இனி அந்தத் தேதியின் கதை. இதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லுங்கள், கொஞ்சம் நீளமானது.

திருச்சிராப்பள்ளியில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சர் சி.வி. ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1907ல், பத்தொன்பது வயதுகூட நிறையாமல், கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகப் போனார். அங்கே பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876ல் தொடங்கிய நிறுவனம் அது. ராமன் அலுவலகம் போவதற்கு முன்பும், அலுவலகம் விட்டு வந்த பின்பும் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். சம்பளம் தரும் வேலை ஒன்று, மனசு கிடக்கும் வேலை இன்னொன்று என்று இப்படிப் பத்து வருடம் ஓட்டினார். 1917ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, வருமானம் குறையும் என்று தெரிந்தும் அரசு வேலையை விட்டார்.

1921ல் ஆக்ஸ்போர்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பி வந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உட்கார விடவில்லை. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே போன்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். ராமன் கையோடு கொண்டுபோன ஒரு பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. தண்ணீரே வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்று முடிவு செய்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்த கையோடு ‘நேச்சர்’ இதழுக்குக் குறிப்பு அனுப்பினார். (கடல் நீலத்துக்குத் தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதும் முக்கியமான காரணம் என்பது இன்றைய விளக்கம். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.)

அதற்குப் பிறகு ஏழு வருடம் அவரும் மாணவர்களும் திரவம் திரவமாக எடுத்து வெளிச்சத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். 1928 பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை, நிறமாலைகாட்டியில் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. உள்ளே போன நிறத்தோடு, உள்ளே போகாத வேறொரு நிறமும் மங்கலாக வெளியே வந்துகொண்டிருந்தது. மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார். 1928 லீப் வருடம் என்பதால் அந்த மறுநாள், பிப்ரவரி 29. 1930ல் நோபல் பரிசு வந்தது. அறிவியலில் அந்தப் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்தான்.

4. பால் டம்ளர் சோதனை. டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை டம்ளரின் அடியில் வைத்து மேல்நோக்கி வெளிச்சம் அடியுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலச்சாயல் காட்டும். மேலே இருந்து நேராக டார்ச்சைப் பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாகத் தெரியும். இன்னும் இரண்டு மூன்று சொட்டு விட்டால் ஆரஞ்சுக்கு மாறும். பகலில் வானம் நீலமாக இருப்பதற்கும், அஸ்தமன வேளையில் சூரியன் சிவப்பதற்கும் காரணம் இந்த ஒரு டம்ளரிலேயே இருக்கிறது. நீல வெளிச்சத்தின் அலைநீளம் குறைவு. காற்றின் மூலக்கூறு போன்ற மிக நுண்ணிய துகளில் படும்போது அது சிவப்பைப் போல நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சிதறுகிறது. பாலின் கொழுப்புத் துளிகள் மூலக்கூற்றைவிடப் பெரியவை. அதனால் டம்ளரில் வித்தியாசம் அந்த அளவுக்கு வராது. ஆனால் எது பக்கவாட்டில் சிதறுகிறது, எது நேராக மிஞ்சுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாலை ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட எல்லாம் வெள்ளையாகிவிடும், நிறம் தெரியாது. சொட்டு மருந்து போத்தலின் ரப்பர் மூடி இருந்தால் கைக்கு வசதி. முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டுவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். இது ராமன் விளைவு இல்லை. இங்கே சிதறும் வெளிச்சத்தின் நிறம் மாறுவதில்லை. எந்த நிறம் எவ்வளவு சிதறுகிறது என்பதுதான் மாறுகிறது. வானம் நீலமாக இருக்கும் காரணத்தை ராலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். ‘வானம் ஏன் நீலம் என்று ராமன் கண்டுபிடித்தார்’ என்று அறிவியல் நாள் பேச்சுகளில் வருடா வருடம் சொல்லப்படுகிறது. பிள்ளை அதை அப்படியே மேடையில் ஒப்பிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

5. அப்படியானால் ராமன் விளைவு என்ன? இதற்குக் கோடி என்ற எண் உதவும். ஒரு திரவத்துக்குள் போய்ச் சிதறும் ஒளித்துகள்களில் கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்திலேயே திரும்புகின்றன. சுமார் ஒரு கோடியில் ஒன்று மட்டும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை அந்த மூலக்கூற்றின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, நிறம் மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதனால் அந்த மாற்றத்தை அளந்தாலே பொருள் இன்னது என்று சொல்லிவிடலாம். தொடவோ கரைக்கவோ வேண்டாம். வைரம் அசலா என்று பார்க்க, மாத்திரை போலியா என்று பார்க்க, பாலில் கலப்படம் தேட இன்று இந்த முறை பயன்படுகிறது. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் ராமன் முறையில் பாறையைச் சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. தாளில் தகவல் வரியாக எழுத இதுவே போதும்.

6. பெயர்களை விடாமல் எழுதச் சொல்லுங்கள். இந்தக் குறிப்பை நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன்.

காலண்டர் தாளில் இடம் குறைவு என்பதால் ‘ராமன் கண்டுபிடித்தார்’ என்று முடித்துவிடுகிறோம். கூட இருந்தவர்கள் நால்வரையாவது சொல்லியாக வேண்டும். கே.எஸ். கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். கடைசிக் கட்டச் சோதனைகளை நாளுக்கு நாள் செய்தவர் அவர்தான். 1928 மார்ச் 31 அன்று ‘நேச்சர்’ இதழில் வந்த புகழ்பெற்ற குறிப்பில் ராமன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. பிற்காலத்தில் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தார்.

பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன், 1923லேயே தண்ணீரில் இந்த மங்கலான நிறத்தைப் பார்த்தார். தண்ணீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. பலவீனமான ஒளிர்வு என்று அப்போது அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்துத்தான் அது என்னவென்று புரிந்தது. இந்த ராமநாதன் பிறந்த தேதியைப் பாருங்கள்: 1893 பிப்ரவரி 28. தான் முதலில் பார்த்த நிறத்துக்கு விடை கிடைத்த நாளில் அவருக்கு வயது முப்பத்தைந்து நிறைந்தது. பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். தேசிய அறிவியல் நாளில் இவர் பெயரையும் சொல்ல வேண்டாமா?

எஸ். வெங்கடேஸ்வரன் அலிப்பூரில் அரசாங்கச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ராமனின் ஆய்வகத்துக்கு வந்தவர். 1928 தொடக்கத்தில் கிளிசரினில் பச்சைச் சாயலைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். அசுதோஷ் டே, எல்லோருக்கும் ‘ஆசு பாபு’, பல்கலைக்கழகம் பக்கம் போகாதவர். ஆய்வகத்தின் கருவிகள் அவர் கையில்தான் இருந்தன. அவர் பெயரில் மட்டுமே ஒரு கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்திருக்கிறது.

தாளின் பின்பக்கம் போதாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

7. சிடி விளையாட்டு. பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துத் திருப்பினால் வானவில் நிறங்கள் தெரியும். பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். புதிதாகச் செய்ய வேண்டியது, விளக்குக்கு விளக்கு வித்தியாசம் பார்ப்பது. மெழுகுவத்தியிலும் பழைய குண்டு பல்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து போகும். பழைய டியூப்லைட்டில் பச்சை, ஊதா ஆகிய நிறங்கள் தனித்தனிப் பட்டையாக நிற்கும். அந்தப் பட்டைகள் டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியால் வருபவை. கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் முதலில் சூரிய வெளிச்சத்தையும் பிறகு பாதரச விளக்கையும்தான் பயன்படுத்தினார்கள். விளக்கின் பட்டைகள் எவை என்று துல்லியமாகத் தெரிந்ததால், அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த மெல்லிய கோடுகளைப் பிரித்தறிய முடிந்தது. ‘நிறமாலை’ என்ற சொல்லை இந்த இடத்தில் சொல்லிக்கொடுங்கள், பிறகு மறக்காது.

சிடி வழியாகவோ வேறு எதன் வழியாகவோ சூரியனைப் பார்க்கவே கூடாது. டியூப்லைட் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, கையில் உறை போட்டு, தடித்த காகிதத்தால் அள்ளி மூடிக்கட்டுங்கள். பாதரசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

8. அடுப்படியில் ஒரு நிறம். கஞ்சி பொங்கி வழிந்து, உப்புக் கலந்த தண்ணீர் காஸ் அடுப்பின் நீலச்சுடரில் விழுந்தால் சுடர் மஞ்சளாக எரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். அன்று ஒரு தரம் பெரியவர்கள் ஒரு சிட்டிகை உப்பைச் சுடரோரம் தூவிக் காட்டலாம்.

9. மஞ்சள்தூள் சோதனை. கைக்குத் தடவும் ஆல்கஹால் சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுங்கள். இருட்டில், கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ராமநாதன் முதலில் சந்தேகப்பட்டது இந்த வகை ஒளிர்வைத்தான். ஒளிர்வு, ராமன் விளைவு இரண்டிலும் நிறம் மாறும். ஆனால் காரணம் வேறு. ஒளிர்வில் பொருள் வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, பிறகு தன் நிறத்தில் வெளியிடுகிறது. ராமன் விளைவில் விழுங்குவதே இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் சோதனை மிகவும் பயன்படும். சானிடைசர் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் செய்ய வேண்டாம். புறஊதா விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டாம். மஞ்சள் கறை துணியில் பட்டால் சோப்பு போட்டு வெயிலில் காயப்போடுங்கள், மங்கிவிடும்.

10. பேச்சுப்போட்டிக்குப் போகும் பிள்ளைக்குச் சரிபார்ப்பு. பிப்ரவரி 28 ராமனின் பிறந்தநாள் இல்லை; பிறந்தது நவம்பர் 7. நோபல் பரிசு 1928ல் இல்லை, 1930ல். தேசிய அறிவியல் நாள் 1928 முதல் கொண்டாடப்படவில்லை, 1987ல்தான் தொடங்கியது. பாரத ரத்னா 1954. மறைந்தது 1970 நவம்பர் 21. இந்த ஐந்தையும் சரியாகச் சொன்னாலே பாதிப் பிழைகள் ஒழியும்.

11. கிழமை தெரிந்துகொள்ளும் வழி. வருடம் முழுக்க வீட்டில் பயன்படும் குறிப்பு இது. சாதாரண வருடத்தில் பிப்ரவரி 28 எந்தக் கிழமையோ, அதே கிழமைதான் 4-4, 6-6, 8-8, 10-10, 12-12 ஆகிய தேதிகளும் வரும். அதாவது ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்டு 8, அக்டோபர் 10, டிசம்பர் 12. 2025ல் பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை. இவை எல்லாமே வெள்ளிதான். இதை வைத்துக்கொண்டால் சுதந்திர தினம் எந்தக் கிழமை என்று விரலை மடக்காமல் சொல்லலாம்: ஆகஸ்டு 8க்கு ஒரு வாரம் கழித்து, ஆக அதே கிழமை. காந்தி ஜெயந்தியும் கிறிஸ்துமஸும் அதற்கு முந்தைய கிழமை. லீப் வருடமாக இருந்தால் பிப்ரவரி 28க்குப் பதிலாக 29ஐ வைத்துக்கொள்ளுங்கள். விசேஷம் குறிக்கவும், ரயில் டிக்கெட் போடவும், பள்ளி விடுமுறை பார்க்கவும் காலண்டரைத் தேட வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நவம்பர் 7ம் நவம்பர் 21ம் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகின்றன. லீப் அல்லாத ஒவ்வொரு வருடமும் ராமனின் பிறந்தநாள், அவர் கண்டுபிடித்த நாள், நினைவுநாள் மூன்றும் ஒரே கிழமையில் வரும். காலண்டரை எடுத்துப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.

12. பிப்ரவரி 29ல் பிறந்தவர் வீட்டில் இருந்தால், மூன்று வருடம் பிறந்தநாளை 28ல் கொண்டாடுவதா மார்ச் 1ல் கொண்டாடுவதா என்ற பேச்சு எழும். அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல தகவல். மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29ல் பிறந்தவர். நூற்றாண்டு வருடங்கள் 400ஆல் வகுபட்டால்தான் லீப்; 1900 அப்படி வகுபடாது. அதனால் அவருக்கு அடுத்த பிப்ரவரி 29 வந்ததே 1904ல்தான். அதே 1904 பிப்ரவரி 29ல், மதுரையில், ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்த அவரிடம், 1977ல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க முடியுமா என்று கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இருவர் பிறந்த தேதியும் ஒன்று!

13. பிப்ரவரி 28ல் நடந்த மற்றவை. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைக்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைக்கு: 1948 பிப்ரவரி 28 அன்று, இந்தியாவில் இருந்த கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு, சாமர்செட் காலாட்படையின் முதல் பட்டாலியன், பம்பாயில் கேட்வே ஆஃப் இந்தியா வழியாகக் கப்பலேறியது. 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டிய வாயில் அது. வரவேற்க எழுப்பிய வாயில், வழியனுப்பவும் பயன்பட்டது.

கல்லூரிப் பிள்ளைக்கு: 1953 பிப்ரவரி 28 அன்று கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச்சுருள் அமைப்பைப் பிடித்தார்கள். அதே போட்டியில் அமெரிக்காவில் இருந்து ஓடிக்கொண்டிருந்த லைனஸ் பாலிங், மூன்று சுருள் என்று தவறாகச் சொல்லியிருந்தார். அவர் பிறந்தது 1901 பிப்ரவரி 28. தோற்றது தன் ஐம்பத்திரண்டாம் பிறந்தநாளில். ஆனாலும் வேதியியலுக்கு 1954ல் ஒன்று, அமைதிக்கு 1962ல் ஒன்று என்று இரண்டு நோபல் பரிசுகளை யாரோடும் பங்கிடாமல் பெற்ற ஒரே மனிதர் அவர்தான். இரட்டைச்சுருளுக்கு ஆதாரமாக நின்ற எக்ஸ்ரே படம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்டது. 1962ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு வந்தபோது ஃபிராங்க்ளின் உயிரோடு இல்லை. 1958ல், முப்பத்தேழு வயதில் காலமாகியிருந்தார். ஆறாம் குறிப்பில் சொன்னது இங்கும் பொருந்தும். அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு: 1963 பிப்ரவரி 28, முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பாட்னாவில் மறைந்த நாள்.

14. தாத்தா பாட்டியிடம் பட்ஜெட் நாளைப் பற்றிக் கேளுங்கள். 2016 வரை மத்திய பட்ஜெட் பிப்ரவரி மாதக் கடைசி வேலைநாளில் வரும். அதனால் 28ஆம் தேதி பல வருடங்கள் பட்ஜெட் நாளாக இருந்தது. வருமான வரியை 10, 20, 30 சதவீதம் என்று மாற்றிய ப. சிதம்பரத்தின் பட்ஜெட் 1997 பிப்ரவரி 28ல் வந்ததுதான். 1998 வரை அதை மாலை 5 மணிக்குத்தான் வாசிப்பார்கள். 1999ல்தான் காலை 11 மணி ஆனது. 2017 முதல் பிப்ரவரி 1க்கு மாறிவிட்டது. மாலையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து என்ன விலை ஏறும், எது இறங்கும் என்று கேட்ட நினைவு பெரியவர்களுக்கு இருக்கும். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்து வைக்கட்டும். இந்த மாதிரி நினைவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

15. சின்னக் குழந்தைகளுக்கு அறிவியல் வேண்டாம். வெளிச்சத்தின் இரட்டைக் கிளவிகள் போதும். பாத்திரம் பளபள, நட்சத்திரம் மினுமினு, தங்கம் தகதக, தணல் கணகண. வீட்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

16. சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போங்கள். பிப்ரவரி 28 தமிழ்க் கணக்கில் மாசி நடுவில் வரும். தாளிலேயே அந்தத் தேதியும் இருக்கும். சென்னையில் அந்தச் சமயத்தில் சூரியன் ஆறே கால் மணியை ஒட்டி மறையும். உச்சிவானம் நீலமாகவும் அடிவானம் செம்மஞ்சளாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் சில நிமிடங்கள் உண்டு. காலையில் டம்ளரில் பக்கவாட்டில் பார்த்ததும் மேலிருந்து பார்த்ததும் இப்போது ஒரே பார்வையில் கிடைக்கும். சூரியன் முழுதும் இறங்கிய பிறகு பார்ப்பதே கண்ணுக்கு நல்லது.

17. தேதிகளைச் சரிபார்க்கும் முறை. செல்போனில் சுற்றும் ‘இன்று ஒரு தகவல்’ பட்டியல்களை அப்படியே எழுதாதீர்கள். வருடம், ஊர், முழுப்பெயர் மூன்றும் இல்லாத தகவலைத் தாளில் ஏற்ற வேண்டாம். கலைக்களஞ்சியம் ஒன்று, வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகவில்லையா, அந்தத் தகவலை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். ஒரு தேதிக்குத் தகவல் பஞ்சம் வராது. பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்கான அறிவியல் அறிஞர் வரிசை நூல்கள் கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் போவதே அன்றைய வெளியூர்ப் பயணமாக இருக்கட்டும். தேசிய அறிவியல் நாளை ஒட்டிப் பல ஆய்வு நிலையங்களும் கல்லூரிகளும் பொதுமக்களை உள்ளே விடுகின்றன. உங்கள் ஊரில் எது திறந்திருக்கும் என்று பிப்ரவரி இரண்டாம் வாரமே விசாரித்து வையுங்கள்.

18. எழுதிய தாளைப் பத்திரப்படுத்த: காலண்டர் தாள் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும். பழைய நோட்டின் பக்கத்தில் ஓரங்களை மட்டும் ஒட்டி, பின்பக்கம் படிக்கும்படி மேல்நோக்கித் திறக்குமாறு வையுங்கள். சோற்றுப் பசை வேண்டாம், பூச்சி வரும், பசைக்குச்சி நல்லது. நோட்டை அடுக்களை அலமாரியில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில், இரண்டு வேப்பிலைக் காம்போடு வையுங்கள்.

19. புதுக் காலண்டர் மாட்டும் நாளிலேயே இந்தக் கதையின் மற்றத் தேதிகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். மார்ச் 16, ராமன் பெங்களூரில் தன் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய நாள். மார்ச் 31, ‘நேச்சர்’ குறிப்பு வெளியானது. நவம்பர் 7, ராமன் பிறந்தநாள். டிசம்பர் 4, கிருஷ்ணன் பிறந்தநாள். டிசம்பர் 10, ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கியது. அந்தந்த நாள் வரும்போது பிள்ளைகள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நோட்டில் பிப்ரவரி 28ஐத் திறந்து அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.